நாற்பத்தேழாம் வரிசையின் காலிக் கட்டங்கள்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை எழுதுவது சுலபம். பக்கத்து வீட்டில் புது டிவி வந்திறங்கியபோது வந்ததில்லை. தங்கைக்கு என்னைவிட நல்ல இடத்தில் கல்யாணம் ஆனபோதும் வந்ததில்லை. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, என் நோட்டுகளை ஒருத்தி எச்சில் தொட்டுப் புரட்டியதைப் பார்த்தபோது வந்தது. வயிறு எரிவது என்பார்களே, அது வெறும் பேச்சு இல்லை. எனக்கு நிஜமாகவே வயிற்றில்தான் எரிந்தது.

அந்த நோட்டுகள் மொத்தம் பத்து. வருஷத்துக்கு ஒன்று. தொண்ணூற்றொன்றில் நான் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பி.யு.சி.யோடு படிப்பு நின்று, மர்பி டவுனில் வீட்டோடு கிடந்தவள். நிலையத்தை நடத்திய மேடம் என்னிடம் ஒரு பைனாகுலரையும், ஒரு துணி டேப்பையும், கட்டம் போட்ட ஒரு நோட்டையும் கொடுத்தார். கண்டோன்மென்ட் தெருக்களில், அல்சூர் ஏரியைச் சுற்றி, நூற்றிருபது மரங்களில் எண் அடித்த அலுமினியப் பில்லைகளை ஆணி வைத்து அறைந்திருந்தார்கள். வாரம் ஒரு முறை ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். துளிர் எவ்வளவு, முற்றிய இலை எவ்வளவு, பூ எவ்வளவு, காய் எவ்வளவு. ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம், மரம் முழுக்க என்றால் நான்கு. ஜனவரி பிறந்தால் எல்லா மரத்துக்கும் மார்பு உயரத்தில் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

“இதுக்கா சம்பளம் குடுக்கறாங்கோ?” என்று அம்மா கேட்டாள். “மரம் பூத்துச்சா இல்லியான்னு ரோட்ல போறவன் சொல்ல மாட்டானா?”

சொல்லுவான். ஆனால் போன வருஷம் எந்த வாரம் பூத்தது என்று சொல்ல மாட்டான். அதற்கு முந்தின வருஷத்தைக் கேட்டால் முழிப்பான். ஊர் சூடாகிக்கொண்டே வருகிறது, மரங்கள் அதற்கேற்பத் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்கின்றனவா என்று தெரிய வேண்டுமானால் ஒரே ஆள், ஒரே மரங்களை, வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேடம் கன்னடக்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அவர் எனக்குச் சொன்ன ஒரே பாடம் இதுதான்: “தொடர் அறுந்துபோகக் கூடாது, நோடு, பாத்துக்கோ. ஒந்து கட்டம்கூட காலி இருக்கக் கூடாது.”

நான் விடவில்லை. என் கல்யாணம் நடந்த வாரம்கூட, நலங்கு வைத்த மஞ்சள் முகத்தோடு ஆட்டோ பிடித்துப் போய் எழுதினேன். பந்த் நடந்த நாட்களில் சந்து சந்தாக நடந்தேன். பைனாகுலரைத் தன் வீட்டு ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டேன் என்று ஒரு கிழவர் போலீஸைக் கூப்பிட்டார். ஸ்டேஷனில் உட்கார்ந்த நேரம் போக மிச்ச நேரத்தில் மீதி மரங்களை முடித்தேன். பத்து நோட்டு. ஒரு காலிக் கட்டம் கிடையாது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மேடம் அதைத்தான் காட்டுவார். அப்படிக் காட்டும்போது நான் பக்கத்தில் நின்றுகொண்டு, வேறெங்கோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவள் வந்தாள்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி விவேக் நகருக்கு வந்தவள். என்னைவிட மூன்று நான்கு வயது குறைவு. கம்ப்யூட்டர் படித்திருந்தாள். புருஷன் வேலை பார்த்த கம்பெனியை அந்த வருஷம் மூடிவிட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முதல் நாள் எனக்குத் தெரிந்தது, அவளுக்கு ஏசி அறையில் நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்பது. நான் பத்து வருஷமாக ஸ்டோர் ரூமில் ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பவள்.

“உன் நோட்டையெல்லாம் இவங்க கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறாங்க,” என்றார் மேடம். “அப்புறம் இன்டர்நெட்ல போடுவோம். யாருக்கு வேணுமோ எடுத்துக்கலாம்.”

“யாருக்கு வேணும்னாலுமா மேடம்?”

“யாருக்கு வேணும்னாலும். ஒந்து ஊரு மரம் மட்டும் பாத்தா என்ன தெரியும்? பத்து ஊர்ல நம்மள மாதிரி எழுதி வச்சிருக்காங்க. எல்லாம் சேந்தாதானே விஷயம் புரியும். நம்ம அலமாரில இருந்தா கரையானுக்குத்தான் உபயோகம்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு என்ன தோன்றியது என்றால், நான் பத்து வருஷம் கழுத்து வலிக்க வளர்த்ததை எவனோ ஒருவன் காபி குடித்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போகப் போகிறான். எடுத்துக் கொடுக்கிறவளாக இவள் நிற்கப் போகிறாள்.

அவள் என்னை அக்கா என்றாள். நான் அவளை மேடம் என்றேன். “நீங்க” என்றேன். மரியாதை இல்லை அது. தள்ளி நில் என்று அர்த்தம். நோட்டுகளை மொத்தமாகக் கொடுக்கவில்லை. ஒன்றை முடித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது என்றேன். ரேஷன் கடைக்காரன்கூட அப்படி அளந்திருக்க மாட்டான். கட்டங்களின் ஓரத்தில் எனக்கென்று சில எழுத்துகள் போட்டிருப்பேன். வெ என்றால் கரண்டு கம்பிக்காகக் கிளை வெட்டியிருக்கிறார்கள். எ என்றால் சிவப்பெறும்பு. அவள் வந்து கேட்டாள்.

“இந்த வெ எதுக்குக்கா?”

“எழுதினவங்களுக்கு ஞாபகத்துக்கு.”

அவள் கோபப்படவில்லை. ஒரு வாரம் கழித்து மேடத்திடம் போய், வெ போட்ட இடங்களிலெல்லாம் அடுத்தடுத்த வாரம் இலை குறைகிறது, அதுவும் ரோட்டோர மரங்களுக்கு மட்டும்தான், ஆகையால் அது கிளை வெட்டு என்று சொல்லியிருக்கிறாள். மேடம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம், “கெட்டிக்காரி பாரு இவ, நீ சொல்லாமலே கண்டுபிடிச்சிட்டா” என்றார். அன்று சாயந்திரம் இரண்டு பேரும் மேடத்தின் அறையில் காபி குடித்தார்கள். பத்து வருஷத்தில் மேடம் எனக்குக் காபி கொடுத்ததே இல்லையா என்றால், கொடுத்திருக்கிறார். ஆனால் நின்றுகொண்டு குடித்திருக்கிறேன். அவள் உட்கார்ந்துகொண்டு குடித்தாள்.

இனி நாற்பத்தேழாம் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அல்சூர் ஏரிக்கரையை ஒட்டி, ரோடு திரும்பும் இடத்தில் நின்ற புங்க மரம் அது. நான் பார்த்த இருபது சொச்சம் புங்கைகளில் எல்லாவற்றுக்கும் முன்னால் துளிர் விடுவது அதுதான். மற்றவை மொட்டையாக நிற்கும்போது இது மட்டும் பளபளவென்று எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தை மாதிரி நிற்கும். வருஷத்தின் முதல் நான்கை அந்தக் கட்டத்தில் எழுதுவதற்காகவே அந்த வாரம் நான் ரூட்டை மாற்றி அதனிடம் முதலில் போவேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

தொண்ணூற்றாறு ஏப்ரலில் ஒரு காற்று மழை. மறுநாள் நான் போனபோது மரம் இல்லை. இரவே விழுந்துவிட்டதாம். மத்தியானத்துக்குள் ரோட்டைச் சுத்தம் செய்துவிட்டார்கள். வேர் பிடுங்கிய குழியும் மரத்தூளும்தான் கிடந்தன. தூளைக் காலால் கிளறினேன். பில்லை கிடைத்தது. 47. ஆணிகூட அதிலேயே இருந்தது.

விதி எனக்குத் தெரியும். மரம் செத்தால் அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். அதற்கப்புறம் அந்த வரிசை காலி. பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. ஐந்து வருஷம் ஒரு காலிக் கட்டம் விடாதவள், அந்த மரத்துக்கா விடுவேன்? பத்தடி தள்ளி இன்னொரு புங்க மரம், எண் இல்லாமல், சும்மா நின்றுகொண்டிருந்தது. ஒரு கல்லை எடுத்து, அதே ஆணியால் அந்தப் பில்லையை அதில் அறைந்தேன். அண்ணாந்து பார்த்து இலை மூன்று என்று எழுதினேன். பிறகு நாற்பத்தெட்டுக்கு நடந்தேன்.

அடுத்த ஜனவரியில் டேப்பைச் சுற்றியபோதுதான் உறைத்தது. இது ஒல்லி மரம். ஒரு சாண் குறைவு. பொய்யாக ஓர் எண்ணைப் போட்டிருக்கலாம். ஆனால் டேப் காட்டுவதை மாற்றி எழுத எனக்கு வராது. அந்த ஒரு யோக்கியதை மட்டும் மிச்சம் இருந்தது. உள்ளதை எழுதினேன். தொண்ணூற்றாறு ஒரு நோட்டு, தொண்ணூற்றேழு வேறு நோட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் பார்க்கப் போகிறார்கள்?

கம்ப்யூட்டர் பார்த்தது.

ஒரு நாள் சாயந்திரம் அவள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு நான் கதவைப் பூட்டப் போனேன். மேஜையில் ஒரு தாள் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாள். சந்தேகங்கள் என்று பட்டியல். பெரும்பாலும் சில்லறைச் சந்தேகங்கள். கடைசியில் 47. சுற்றளவு ஒரே வருஷத்தில் குறைந்திருக்கிறது, அசலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி, சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள்.

யோசிக்கவே இல்லை. அலமாரியிலிருந்து தொண்ணூற்றேழாம் வருஷ நோட்டை எடுத்து டிபன் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மேடத்தின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எனக்கும் நாற்காலி கொடுத்திருந்தார்கள். பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவள், கடைசியில் சிரித்தாள். “இந்த மரம் மட்டும் இளைச்சுப் போச்சு மேடம்.”

“மரம் இளைக்குமா?” மேடமும் சிரித்தார்.

“தப்பா அடிச்சிருப்பீங்க,” என்றேன் நான்.

“ரெண்டு தடவ பாத்தேன்க்கா.”

“அப்ப ரெண்டு தடவயும் தப்பா பாத்திருப்பீங்க.”

“சண்ட எதுக்கு? நோட்ட கொண்டா,” என்றார் மேடம்.

அவள் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது முகம் வெளுத்திருந்தது. “அலமாரில இல்ல மேடம். நேத்து வச்சேன்.”

மேடம் சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றும் போடவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. “அசல் நோட்டு இல்லாம நீ டைப் பண்ணதுக்கு என்ன மதிப்பு? நாளைக்கு எவனாவது கேட்டா எதைக் காட்டுவேன்? உன் வேலைய ஆறு மாசம் நீட்டிக்கிற பேப்பர் என் மேஜைல இருக்கு. நோட்டு வரட்டும். அப்புறம் கையெழுத்துப் போடறேன்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? அன்று மத்தியானம் ஸ்டோர் ரூமில் தயிர் சாதம் தேனாக இனித்தது.

சந்தோஷம் நான்கு நாள் தாங்கியது. நோட்டை வீட்டில் அரிசி டின்னுக்குள் சொருகி வைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் என்னோடு இருந்த அம்மா அரிசி எடுக்கப் போய்க் கத்தினாள். “இன்னாடி, ஆபீஸ் நோட்ட கொண்டாந்து அரிசில பொதைச்சு வச்சிகினு கீற? பூச்சி அரிக்காம இருக்கறதுக்கா?”

“ஆமா,” என்றேன். வேறென்ன சொல்வது.

அங்கே அவள் ஒவ்வொரு நாளும் தேடினாள். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிரிண்டரைத் தூக்கிப் பார்த்தாள். பழைய பேப்பர் வாங்க வரும் ஆளைப் பிடித்து விசாரித்தாள். என்னிடமும் கேட்டாள். “உங்க நோட்ட நான் தொலைச்சிட்டேன்க்கா. உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்” என்று அவள் சொன்னபோது நான் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் துடைத்தேன்.

இரண்டாவது வாரம் அவள் வந்து, “ஒரு தடவ உங்ககூட வரட்டுமாக்கா?” என்றாள். “ஒரு மரத்தையும் நான் நேர்ல பாத்ததில்ல. வேல போறதுக்கு முன்னால பாத்துட்டா நல்லாருக்கும்.”

வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினோம். செருப்பு கடித்துவிடும், பாதி வழியில் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பவில்லை. ஆச்சரியம் அதுவல்ல. ஒவ்வொரு மரத்தையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டாம் எண்ணைப் பார்த்ததும், “மொட்டு நெறைய வச்சிட்டு பூக்காம ஏமாத்துமே, அதான இது?” என்றாள். அதேதான். முப்பத்தொன்றின் அடியில் நின்று, “ஒரு வருசம் காய்க்கும், ஒரு வருசம் படுத்துக்கும்” என்றாள். அதுவும் சரி. நான் பத்து வருஷம் வெயிலில் நின்று தெரிந்துகொண்டதை, ஏசி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என் எண்களிலிருந்தே உறிஞ்சி எடுத்திருந்தாள். என் வீட்டுக்குள் வந்து என் பீரோவைத் திறந்து என் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

ஏரிக்கரைக்கு வந்தோம். அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பில்லையைப் பார்த்தாள். மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“இதான் நாப்பத்தேழு! எல்லாத்துக்கும் முன்னால துளிர் விடுத மரம். டைப் அடிக்கும்போது எனக்கு இதத்தான்க்கா ரொம்பப் புடிக்கும். வருசா வருசம் இது எப்பம் நாலு தொடும்னு பாத்துக்கிட்டே அடிப்பேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லிருக்கேன்.” மரத்தைத் தடவினாள். “தொண்ணூத்தாறுக்கு அப்புறம் பாவம், சோம்பேறியாயிட்டு. மத்த மரத்துக்கெல்லாம் பின்னால வருது. இந்தத் திருப்பத்துல வண்டிப் பொக ஜாஸ்தியாயிருக்கும், அதான் காரணம்னு மேடம்கிட்ட சொன்னேன். குறிப்புல அப்படியே எழுதச் சொல்லிட்டாங்க.”

எனக்கு அப்போது நியாயம் தோன்றவில்லை. உலகத்துக்குத் தப்பான தகவல் போகிறதே என்றும் தோன்றவில்லை. அவள் வேலை என் டின்னுக்குள் அரிசியோடு கிடக்கிறதே என்பதுகூட அப்புறம்தான். அந்தக் கணத்தில் தோன்றியது ஒன்றே ஒன்று. என் மரத்தை எனக்குப் பிடித்த அதே காரணத்துக்காக இன்னொருத்திக்கும் பிடித்திருக்கிறது. அந்தப் பாசத்தையெல்லாம் கொண்டுபோய் இந்த ஒல்லிச் சோம்பேறி மரத்தின் மேல் கொட்டுகிறாள். இதற்குப் போய் அதன் பெயர்!

“கைய எடுடீ,” என்றேன். “அது நாப்பத்தேழு இல்ல.”

அதுவரை நீங்க போட்டுப் பேசியவள் நான். அவள் கையை எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

குழி இருந்த இடத்தைக் காட்டினேன். அங்கே இப்போது சிமெண்ட் பலகை போட்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சொன்னேன். மழை, மரத்தூள், பில்லை, கல், எல்லாம். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஓர் ஆள் எங்களைப் பார்த்தான். “அது செத்துப்போச்சு. துளிர் விட்டா ரோடே தெரியற மாதிரி இருக்கும். நீ பாத்ததே இல்ல. உனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாது.”

“பாக்கலதான்,” என்றாள். பில்லையை விரலால் தொட்டபடி, “ஆனா நீங்க எழுதியிருந்தீங்களேக்கா” என்றாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். “அப்பம் அந்த நோட்டு?”

“அதப் பத்தி எனக்கு என்ன தெரியும்?”

அந்த ஒன்றுக்கு வாய் வரவில்லை. மரத்தைச் செத்தது என்று சொல்லிவிட்டேன். என்னைத் திருடி என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய், நோட்டை அவள் மேஜைக்கும் சுவருக்கும் நடுவே நழுவவிட்டேன். நானே தேடி எடுப்பதுபோல எடுக்கலாம் என்று திட்டம். அதற்குள் அவள் வந்துவிட்டாள். குனிந்தாள், எடுத்தாள், பிரித்தாள். பக்கங்களுக்கு நடுவிலிருந்து நான்கைந்து அரிசி மணிகள் மேஜையில் உதிர்ந்தன.

அவள் அரிசியைப் பார்த்தாள். என் டிபன் பையைப் பார்த்தாள். மணிகளை ஒவ்வொன்றாக விரலால் ஒற்றி எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மேடம் வந்ததும், “மேஜைக்குப் பின்னால விழுந்து கெடந்திருக்கு மேடம். நான்தான் சரியாப் பாக்கல” என்றாள்.

நான் மரத்தைப் பற்றி மட்டும் மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “யாக்கே? ஏன் இப்படி?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது முழு உண்மை இல்லை. மேடம் ரொம்ப நேரம் நோட்டைப் புரட்டினார். “காலிக் கட்டம் ஒண்ணும் தப்பில்ல. செத்தது செத்ததுன்னு எழுதியிருந்தா அதுவும் ஒரு தகவல்தான். இப்ப மத்த நூத்திப்பத்தொம்பதையும் நான் எப்படி நம்பறது?”

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

மூன்று பேருமாகப் பத்து நாள் நடந்து எல்லா மரத்தையும் சரி பார்த்தோம். ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் வருஷ வரிசையில் வைத்துப் பார்த்தோம். இளைத்த மரம் வேறெதுவும் இல்லை. மேடம் நடந்தே வந்தார். முழங்கால் வலிக்காரர். முடிந்த அன்று அவள் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷத்துக்கான புது நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கம்ப்யூட்டரில் திருத்த வேண்டியிருந்தது. ஒல்லி மரத்துக்கு 121 என்று புது எண். தொண்ணூற்றாறு ஏப்ரலுக்கு அப்புறம் இருந்ததையெல்லாம் அந்த வரிசைக்கு நகல் எடுத்தாள். இனி நாற்பத்தேழாம் வரிசையிலிருந்து அழிக்க வேண்டும். “மொத்தமாப் புடிச்சு ஒரு தட்டுல அழிச்சிரலாம்க்கா,” என்றாள்.

“வேணாம். நான் பண்றேன்.”

எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். முதல் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டேன். பிறகு ஒவ்வொரு கட்டமாக அழித்தேன். ஒரு வாரம், ஒரு தட்டு. ஐந்து வருஷத்து வாரங்கள். என் கல்யாண வாரமும் அதில் இருந்தது. அவள் பக்கத்தில் நின்றபடியே இருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார் என்று நான் சொல்லியிருக்கலாம்.

குறிப்புப் பத்தியில் என்ன எழுதுவது என்று மேடம் கேட்டார். மற்ற மரங்களுக்கு நேரே ‘பார்த்தவர்’ என்று மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. அப்படியே போட்டுவிடலாம் என்றார். நான்தான் பெயரைப் போடச் சொன்னேன். மரம் விழுந்தது, பில்லையை மாற்றி அறைந்தவர் இன்னார் என்று எழுத்துக்கூட்டி ஆங்கிலத்தில் நானே அடித்தேன். அடித்து முடித்துத் திரையைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கோப்பின் உச்சியில், தொகுத்தவர் என்ற இடத்தில், அவள் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. மேடத்தின் பெயருக்கு அடுத்து. மறுபடியும் வயிறு எரிந்தது. திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அதற்குள் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள். எண்களை நானே ஏற்றக் கற்றுக்கொண்டிருந்தேன். கடைசி நாள் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாள். “போய்ட்டு வாரேன்க்கா” என்றாள். “சரிம்மா” என்றேன். அவ்வளவுதான். கட்டிப் பிடித்து அழுகிற அளவுக்கு நாங்கள் சிநேகிதிகள் ஆகவில்லை.

மறுநாள் சுழல் நாற்காலி எனக்கு வந்தது. உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன். நாற்காலி கிடைத்த தைரியத்தில், அதுவரை நான் திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்தேன். அசல் நோட்டுகளின் விவரம்: எந்த நோட்டு, எந்த அலமாரி, என்ன நிலையில் இருக்கிறது. தொண்ணூற்றேழாம் வருஷத்துக்கு நேரே ஒரு வரி இருந்தது. நோட்டு பதினாறு நாட்கள் காணாமல் போயிருந்தது, காரணம் தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவு. பக்கத்தில் அவள் பெயர், முழுதாக.

யாரும் அவளை அப்படி எழுதச் சொல்லவில்லை. யாரும் படிக்கப் போவதும் இல்லை. ஆனால் நடந்ததை எழுதாமல் விட அவளுக்கு வராது. என்னைக் காட்டிக்கொடுக்கவும் வரவில்லை. அதனால் தன் பெயரை வைத்து அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டுப் போயிருந்தாள். ஐந்து வருஷம் ஒல்லி மரத்தை வைத்து நான் நிரப்பினேனே, அதே மாதிரி.

ஆத்திரமாக வந்தது. என் மரத்தை எடுத்துக்கொண்டாள், சரி. என் எண்களை எடுத்துக்கொண்டாள், சரி. என் தப்பையுமா எடுத்துக்கொண்டு போவாள்?

அவள் பெயரை அழித்தேன். ஓர் எழுத்துக்கு ஒரு தட்டு. கவனக்குறைவு அல்ல, நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் மறைத்து வைத்தவர் என்று அடித்து, என் பெயரைப் போட்டேன். மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். “ஹௌதா? நிஜமா?” என்றார். ஆமாம் என்றேன். காபி வரவழைத்தார். உட்கார்ந்து குடித்தோம்.

அந்தக் கோப்பு இன்றும் இன்டர்நெட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவள் பெயர் அதில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. என் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன்.